எல்லா வண்டியும் இப்படித்தானா?

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போனால், எந்தக் குறையைச் சொன்னாலும் விற்பவரிடம் ஒரே பதில் தயாராக இருக்கும்: "இந்த மாடல் எல்லாமே அப்படித்தான்." வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்த் துளி கிடக்கிறதே? எல்லாமே அப்படித்தான். இன்ஜின் மேல்பக்கம் தையல் மெஷின் போலத் தடதடக்கிறதே? எல்லாமே அப்படித்தான். காலையில் கிளப்பியதும் அடியில் ஏதோ தட்டிவிட்டு அடங்குகிறதே? அதற்கும் அதே பதில். பொய் சொல்கிறார்கள் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். சிக்கல் என்னவென்றால், பெரும்பாலும் அது உண்மை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் இன்ஜின்கள் எண்ணெய் சிந்தும், சத்தம் போடும், அப்படியே இன்னும் பல வருடம் ஓடவும் செய்யும். பத்தில் ஒன்பது குறைகளுக்குப் பொருந்துகிற இந்தப் பதில், பத்தாவது குறையில் இன்ஜினையே காவு வாங்கிவிடும். எது அந்தப் பத்தாவது? ஒரு ஸ்பிட்ஃபயரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், 1962 முதல் 1980 வரை கோவென்ட்ரியில் செய்த சின்ன இரண்டு சீட்டு கார். வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. சென்னையில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இதன் அண்ணனைத் தெரிந்திருக்கும். மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் மிக்கெலோட்டி வரைந்ததுதான். அதன் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். என் சித்தப்பாவிடம் ஒரு ஹெரால்ட் இருந்தது. முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து முழு பானெட்டும் முன்னால் சாய்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்ப்பார். ஸ்பிட்ஃபயரிலும் அதே ஏற்பாடுதான். நான் அந்தக் காரைத் தேடியதற்கு அழகு பாதிக் காரணம், இது மீதிக் காரணம்.

இன்ஜினும் ஒரே குடும்பம். 1953-இல் ஸ்டாண்டர்ட் எய்ட் காருக்காக வந்த 803 சி.சி. இன்ஜினை 948, 1147, 1296 என்று பெருக்கிக்கொண்டே போய், 1974 கடைசியில் வந்த ஸ்பிட்ஃபயர் 1500-இல் 1493 சி.சி. ஆக்கினார்கள். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம், அதற்கு முந்தைய 1296 சி.சி. இன்ஜினில் 76 மி.மீ.; 1500-இல் 87.5 மி.மீ. ஆனால் பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கிப் பிடிப்பது அதே மூன்று மெயின் பேரிங்தான். எண்ணூறு சி.சி.க்குப் போட்ட அடித்தளத்தின்மேல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலையை ஏற்றியிருக்கிறார்கள். வேகமாகப் போகும்போது இன்ஜின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் இல்லாத 1500-ஐ மோட்டார்வேயில் மணிக்கணக்கில் விரட்டியிருந்தால், முதலில் அடி வாங்குவது அடிப்பக்கத்து பேரிங்குகள்தான். இதைத் தெரிந்துகொண்டு போனால் காதை எங்கே வைக்க வேண்டும் என்பது தெரியும்.

குளிர்ந்த இன்ஜின்

என்னோடு வந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். லெஸ்டரில் பல வருடமாக கார் ரிப்பேர் பார்க்கிறார். தொழில் கற்றது ஊரில், மொரிஸ் மைனரிலும் ஒஸ்டினிலும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வராத காலத்தில் அங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். சொட்டுப் பெட்ரோலில் கிளப்பிவிட்டு, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். உதிரிபாகமும் வராது. எதைக் கழற்றலாம், எதைத் தொடாமல் விடலாம் என்று முன்கூட்டியே தீர்மானிக்காவிட்டால் வண்டி முற்றத்தில் நின்றுவிடும். அந்தப் பழக்கம் அவரிடம் இன்னும் இருக்கிறது. வண்டியைச் சுற்றி வந்து புகழ மாட்டார், குறையும் சொல்ல மாட்டார். முதலில் இன்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவர்மேல் உள்ளங்கையை வைப்பார்.

"சூடான இன்ஜின்ல ஒண்டும் விளங்காது, தம்பி" என்பது அவர் கட்சி. வருகிறவர் காத்திருக்க வேண்டாமே என்ற மரியாதைக்காகவும் விற்பவர் இன்ஜினைச் சூடாக்கி வைத்திருக்கலாம், வேறு காரணத்துக்காகவும் வைத்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் நமக்கு நஷ்டம் ஒன்றுதான். ஸ்பிட்ஃபயரில் வண்டி நின்றிருக்கும்போது ஆயில் ஃபில்டரிலிருக்கும் எண்ணெய் மெல்ல வடிந்து, இன்ஜினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்கே போய்விடும். மறுநாள் கிளப்பும்போது ஃபில்டர் நிரம்பி எண்ணெய் பேரிங்குகளுக்குப் போய்ச் சேரும்வரை அவை காய்ந்த நிலையில் தட்டும். நான் முதலில் சொன்ன காலைச் சத்தம் இதுதான். எண்ணெய் திரும்பி வடியாதபடி உள்ளே வால்வு வைத்த ஃபில்டரைப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆக, "எல்லாமே அப்படித்தான்" என்பது இதில் உண்மை. ஆனால் வருடக்கணக்காகத் தினமும் அப்படித் தட்டியிருந்தால், பிஸ்டன் தண்டு கிராங்க் ஷாஃப்டைப் பிடிக்கும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங் என்ன நிலையில் இருக்கும்? அதை அந்தப் பதில் சொல்லாது. சத்தம் எத்தனை நேரம் நீடிக்கிறது, எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதைக் குளிர்ந்த இன்ஜினில் கேட்டால்தான் உண்டு. அதனால் இப்போதெல்லாம் முன்னாலேயே போனில் சொல்லிவிடுகிறேன்: நாங்கள் வரும்வரை கிளப்பாதீர்கள். பெரும்பாலோர் சரி என்கிறார்கள். சிலருக்கு இது சந்தேகப்படுவதாகப் படுகிறது. படட்டும்.

இன்னொன்று: 1500-இல் கம்பெனி கொடுத்த ஆயில் பிரஷர் மீட்டர் கிடையாது. ஒரு விளக்குதான். சூடான இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் 40 முதல் 60 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும் என்கிறது கையேடு. அந்த விளக்கோ பத்துக்கும் கீழே இறங்கினால்தான் எரியும். நடுவில் இருக்கும் இடைவெளி முழுவதும் விளக்குக்கு ஆரோக்கியம்தான். "விளக்கு எரியவே இல்லையே" என்று விற்பவர் நிம்மதியாகச் சொல்வதில் பொய்யும் இல்லை, பயனும் இல்லை. அண்ணன் ஒரு மீட்டரைக் குழாயோடு கொண்டுவருவார். விளக்கின் சுவிட்சைக் கழற்றிவிட்டு அதை மாட்டி, அரை மணி நேரம் ஓட்டியபிறகு முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். ஓட்டும்போதே 3000 சுற்றுக்கு அருகில் ஆக்ஸிலரேட்டரை லேசாக விட்டுப் பிடித்தால், பிக் எண்ட் தேய்ந்திருந்தால் கீழிருந்து ஒரு கனத்த உறுமல் வரும். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து "கேளும்" என்று சொல்லிக் கொடுத்தால்தான் அந்தச் சத்தம் மற்றச் சத்தங்களிலிருந்து பிரிந்து கேட்கிறது. யூட்யூப் பார்த்து எனக்கு அது வரவில்லை.

புகையைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாக விடுகிறேன். அழுத்தும்போது நீலம் என்றால் பிஸ்டன் ரிங், சரிவில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது நீலம் என்றால் வால்வ் கைடு, சூடான பிறகும் வெள்ளையாக வந்துகொண்டே இருந்தால், இன்ஜினின் தலைக்கும் உடலுக்கும் (ஹெட், பிளாக்) நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட். இவையெல்லாம் தாமாகவே கண்ணில் படுகிற குறைகள். வால்வுகளைத் திறக்கும் ராக்கர்களின் சத்தமும் அப்படித்தான். இந்த இன்ஜினில் ராக்கர் ஷாஃப்டுக்குப் போகும் எண்ணெய் கொஞ்சம்தான், அதனால் ஷாஃப்ட் தேயும். சிலர் வெளியே ஒரு குழாய் போட்டு எண்ணெயை மேலே கொண்டுபோயிருப்பார்கள். ஹெட்டின் பின்புறம் அந்தக் குழாயைப் பார்த்தால் விற்பவர் பெருமையாகக் காட்டுவார். எனக்கு அது பெருமையாகத் தெரிவதில்லை. மேலே கொடுத்த எண்ணெய் கீழே மெயின் பேரிங்குக்குக் கிடைக்க வேண்டியது. யாரோ ஒருவர் சத்தத்தை மட்டும் அடக்கப் பார்த்திருக்கிறார் என்றுதான் அந்தக் குழாய் சொல்கிறது.

கிளட்சை மிதித்தபோது

அந்த வண்டி 1978 மாடல். லிங்கன்ஷயரில் ஒரு கிராமம். விற்பவர் ஓய்வுபெற்றவர், தொண்ணூறுகளிலிருந்து அவரிடம்தான் கார் இருக்கிறது. பெயின்ட் புதிது, கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் தகடுகள் எல்லாம் மாற்றியவை, ரசீதுகள் ஒரு ஃபைல் நிறைய. இன்ஜின் எண் FM வரிசையில் சரியாகத் தொடங்கியது. அதாவது வேறு டிரையம்ஃப் மாடலிலிருந்து பெயர்த்து வைத்த இன்ஜின் இல்லை. நாங்கள் கேட்டபடி கிளப்பாமலே வைத்திருந்தார். கிளப்பியதும் ஒரு கணம் தட்டி அடங்கியது. ஆயில் பிரஷர் நன்றாக இருந்தது. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று காம்ப்ரஷன் பார்த்தோம். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள். நான் மனதுக்குள் பணத்தை எண்ணத் தொடங்கியிருந்தேன்.

அப்புறம் அண்ணன் இன்ஜினை அணைக்கச் சொன்னார். முன் டயர்மேல் உட்கார்ந்து, ரேடியேட்டருக்குப் பின்னால் கிராங்க் ஷாஃப்ட் நுனியில் இருக்கும் புல்லியைப் பெரிய ஸ்க்ரூடிரைவர் ஒன்றால் பின்னுக்குத் தள்ளினார். "தம்பி, இப்ப ஒருக்கா கிளச்சை மிதியும்." மிதித்தேன். "விடும்." விட்டேன். மறுபடி தள்ளினார், மறுபடி மிதிக்கச் சொன்னார். பிறகு என்னை இறங்கி வரச் சொல்லிவிட்டு, விற்பவரை மிதிக்கச் சொன்னார். புல்லி முன்னால் நகர்ந்தது. ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாது. டார்ச் தேவைப்படவில்லை, சாதாரணமாகவே தெரிந்தது.

இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லிவிடுகிறேன். கிளட்சை மிதிக்கும்போது கிராங்க் ஷாஃப்ட் முழுவதும் முன்பக்கமாகத் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குபவை த்ரஸ்ட் வாஷர் என்கிற இரண்டு அரைவட்டத் தகடுகள். பின் மெயின் பேரிங்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. மற்றப் பல இன்ஜின்களில் இது முழு வட்டமாகவோ பேரிங்கோடு சேர்ந்தோ இருக்கும். இதில் பிளாக்கில் ஒரு பள்ளத்தில் அரைத் தகடு சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஷாஃப்ட் முன்னும் பின்னும் அசையலாம், ஆனால் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான் அனுமதி. கண்ணுக்குத் தெரிந்தாலே அதிகம். பின்பக்கத் தகடு தேய்ந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் பள்ளத்திலிருந்து நழுவிச் சம்ப்பில் விழுந்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை கிளட்சை மிதிக்கும்போதும் சுழலும் எஃகு ஷாஃப்ட் நேராகப் பிளாக்கின் இரும்பிலேயே உரசும். சிக்னலில் கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்தபடியே காத்திருக்கும் பழக்கம் உள்ளவர் வண்டியில் இது இன்னும் சீக்கிரம்.

விற்பவர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். மறுபடி காரில் ஏறி மிதிக்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்லிவிட்டுத் தானே டயர்மேல் உட்கார்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "இதுவும் எல்லா வண்டியிலும் உண்டு என்று சொல்வார்கள்."

எனக்கு உள்ளே என்னவோ செய்தது அந்த இடத்தில்தான். அவர் ஏமாற்றவில்லை. அவர் முகத்தைப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அதோடு, ஒரு வகையில் அவர் சொன்னது சரிகூட: இந்தக் குடும்பத்து இன்ஜின் எல்லாவற்றிலும் த்ரஸ்ட் வாஷர் தேயத்தான் தேயும். இத்தனை வருடமாக அவர் கவலைப்பட்ட ஒவ்வொரு குறைக்கும் விவரம் தெரிந்தவர்கள் இந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் அது சரியாக இருந்திருக்கிறது. அந்த அனுபவமே அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டது. நான் அதுவரை பழைய கார் வாங்குவதை ஆளை எடைபோடும் வேலையாக நினைத்திருந்தேன்: ரசீது இருக்கிறதா, கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா, கேள்விக்கு நேராகப் பதில் வருகிறதா. இங்கே எல்லாவற்றுக்கும் ஆம். ஆள் நேர்மையானவர் என்பது இன்ஜினைப் பற்றி எனக்கு எதையும் சொல்லவில்லை. அவருக்கே தெரியாததை அவர் எப்படி மறைக்க முடியும்?

"பாடியைப் பார்த்து வாங்கு"

இந்த நாட்டில் பழைய கார் வட்டாரத்தில் வேதவாக்கு மாதிரி ஒன்று சொல்வார்கள்: பாடியைப் பார்த்து வாங்கு, இன்ஜினை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். இதில் நியாயம் நிறைய இருக்கிறது. ஹெரால்டின் சேஸிஸில் பக்கவாட்டில் நீளத்துக்கு ஓடிய கம்பிகளை ஸ்பிட்ஃபயரில் எடுத்துவிட்டார்கள். அந்தப் பளுவைத் தாங்குவது கதவுக்குக் கீழே இருக்கும் சில்தான். சில் துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே போச்சு. வெல்டிங் கூலி விழுங்கும் பணத்தோடு பார்த்தால் பிஸ்டனும் பேரிங்கும் மலிவு, இன்றைக்கும் தாராளமாகக் கிடைக்கின்றன. எண்ணெய் ஒழுகினால் சீல். புகைந்தால் ரிங். 2000-இல் இங்கே ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபோது வால்வ் சீட் தேயும் என்று எல்லோரும் பயந்தார்கள். ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீட் வைத்துக்கொண்டார்கள். இவை எதுவும் நாளைக்குச் செய்தாலும் ஒன்றுதான், அடுத்த வருடம் செய்தாலும் ஏறக்குறைய அதே செலவுதான்.

த்ரஸ்ட் வாஷர் அப்படி இல்லை. விழுவதற்கு முன் கவனித்தால், இன்ஜினை இறக்காமலே சம்ப்பை மட்டும் கழற்றி, கொஞ்சம் தடிமன் கூடிய தகடுகளாகப் பார்த்து மாற்றிவிடலாம். தகடுகளின் விலை அந்த வேலைக்குக் குடிக்கும் தேநீர்ச் செலவுக்கு மேல் பெரிதாக வராது. விழுந்த பிறகு கவனித்தால் பிளாக்கையே தூக்கிப் போட வேண்டியிருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் சத்தம் என்று சொல்லும்படி எதுவும் வருவதில்லை. கிளட்சை மிதிக்கும்போது ஐட்லிங் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். அதையும் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்துத் திருகிக்கொண்டிருப்போம். நாமும் விற்பவரும் சத்தம், புகை, ஒழுகல் என்று கண்ணும் காதும் பட்ட குறைகளைப் பற்றியே பேரம் பேசுகிறோம். பேசப்படாத குறைதான் தேதி குறித்துக்கொண்டு காத்திருக்கிறது. பத்தாவதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்: இந்தக் குறையைத் தள்ளிப்போட்டால் செலவு அதே அளவில் நிற்குமா, அல்லது ஒருநாள் திடீரென்று பத்து மடங்காகுமா? முதல் வகை எத்தனை இருந்தாலும் வாங்கலாம். இரண்டாவது வகை ஒன்று இருந்தாலும், அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

அரசாங்கச் சோதனையை நம்பியும் பயனில்லை. 2018 மே முதல், பெரிதாக மாற்றம் செய்யாத நாற்பது வருடம் தாண்டிய வண்டிக்கு எம்.ஓ.டி. என்கிற அந்த வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை. கட்டாயமாக இருந்த காலத்திலும் அவர்கள் பிரேக்கையும் துருவையும் புகையையும்தான் பார்த்தார்கள்; புல்லியை யாரும் பார்த்ததில்லை.

சம்ப்பைக் கழற்றிப் பார்க்கிறோம், தகடு இருந்தால் நாங்களே மாற்றிவிட்டு நீங்கள் கேட்ட விலையைத் தருகிறோம் என்று சொன்னோம். அவர் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். அவர் பக்கமும் புரிகிறது. திறந்து பார்த்துத் தகடு இல்லை என்றால், நாங்கள் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவோம். அவர் வாசலில் சம்ப் இல்லாத காரும் ஒரு கெட்ட செய்தியும் மிஞ்சும். தெரியாமல் இருக்கும்வரை அந்தக் காருக்கு முழு விலை. அடுத்த வாரமே வேறொருவர் கேட்ட விலைக்கு எடுத்துக்கொண்டுபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். புல்லி அசைந்ததை வாங்கியவரிடம் விற்றவர் சொல்லியிருப்பாரா என்பது மட்டும் எனக்கு இடிக்கிறது. சொல்லியிருந்தாலும் கடைசியில் அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருப்பார், வந்தவரும் தலையாட்டியிருப்பார்.

நான் கடைசியில் வாங்கியது ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடந்த, யாருக்கும் பிடிக்காத பழுப்பு நிற 1500. ஓடாத வண்டி. அதை விற்றவர் எடுத்த எடுப்பிலேயே ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்றார். பேட்டரி மாட்டிச் சுற்றிப் பார்த்தோம்; இரண்டாவது, மூன்றாவது சிலிண்டரில் காம்ப்ரஷன் இல்லை, ஓரத்து இரண்டும் சரியாக இருந்தன. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்தால் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கிறது என்று அர்த்தம். அவர் சொன்னது அப்படியே பொருந்தியது. கிளட்சை மிதித்தோம், புல்லி அசைந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. ஓடாத வண்டி என்பதால் விலை பாதிக்கும் கீழே. ஓடும் இன்ஜினைவிட ஓடாத இன்ஜினை நம்பி வாங்குவது கிறுக்குத்தனம் என்று வீட்டில் சொன்னார்கள். ஆனால் ஓடாத இன்ஜினை எப்படியும் திறக்கத்தான் போகிறோம். திறக்கிற செலவு விலையிலேயே கழிந்துவிட்டது.

வீட்டில் சம்ப்பைக் கழற்றியபோது இரண்டு தகடும் இடத்தில் இருந்தன. பின்பக்கத்துத் தகடு தேய்ந்திருந்தது, மாற்றினோம். பிக் எண்ட் பேரிங் இரண்டில் மேல்பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது, நான்கையும் மாற்றினோம். ஹெட்டை ஒரு பட்டறையில் கொடுத்துச் சமன்செய்து வாங்கினோம். ராக்கர் ஷாஃப்டில் விரல் நகம் தட்டுகிற அளவுக்குத் தேய்மானம் இருக்கிறது, சத்தமும் போடுகிறது. "அது கிடக்கட்டும், பிறகு பார்ப்பம்" என்றார் அண்ணன். அதற்கான காசில் ஒரு ஆயில் பிரஷர் மீட்டர் வாங்கி டாஷ்போர்டுக்கு அடியில் நிரந்தரமாக மாட்டியிருக்கிறோம்.